புகை வாங்கிய அடுப்பு

காட்டிமட்டத்துக் குளிர் மேற்கே இருந்து தேயிலைச் சரிவில் ஏறி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, கோயில் மணியை ஒருதரம் தொட்டுவிட்டு, சன்னாசி வீட்டுத் தகரக் கூரையில்தான் முதலில் இறங்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டில் அது இறங்கிய செய்தி கேட்ட பிறகுதான் மற்றவர்கள் பெட்டியிலிருந்து கம்பளியை எடுப்பார்கள். துறையூர்ப் பக்கத்து வெயிலிலிருந்து அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தவமணி, முதல் வருடம் முழுக்க அடுப்பங்கரையை விட்டு நகராமல் கிடந்தாள். பிறகு மெல்ல மெல்லக் குளிரோடு பேசிப் பழகி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலையும் வாங்கி, யாரிடமும் குரலை உயர்த்தாமலே எல்லாரையும் வேலை வாங்குகிறவளாக ஆகியிருந்தாள். சன்னாசி காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டினான். அவனுடைய அக்கா பொன்னுத்தாயி, கல்யாணமே வேண்டாமென்று தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், அதே வீட்டில் இருந்தாள்.

காட்டிமட்டத்தில் பாதிப் பேரைப் போல அக்காவும் தம்பியும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கலவர வருடத்தில் அவர்கள் இருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, யாரோ தீ வைத்தார்கள். அம்மா இரண்டு பிள்ளைகளையும் பின்பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே தள்ளினாள், அவள் வரவில்லை. பொன்னுத்தாயி நாலு வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு புகைக்குள்ளிருந்து ஓடி, அப்புறம் கப்பலேறி, மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் இருந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தாள். இதை அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. தவமணிக்கே பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்.

பொன்னுத்தாயிக்கு மூச்சு மோசமாகிக்கொண்டே வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, இந்த அம்மா புகையில் உட்காரக் கூடாது, குளிரிலும் இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். சொல்வது சுலபம். அந்த வீட்டில் விறகடுப்பு எரிந்தால் புகை, எரியாவிட்டால் குளிர். ஒன்றை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினால் மற்றது ஏற்கெனவே உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். கேஸ் அடுப்பு சோறு பொங்கும், சுவரைச் சூடாக்காது. அதனால், புகையைக் குழாய் வழியாக வெளியே அனுப்பிவிட்டுச் சூட்டை மட்டும் வீட்டுக்குக் கொடுக்கிற இரும்பு அடுப்பு ஒன்றை வாங்குவது என்று தவமணி முடிவு செய்தாள். முடிவு செய்த பிறகுதான் சன்னாசியிடம் கேட்டாள்.

கோத்தகிரியில் ஜெசிந்தா என்கிற அம்மாள் அப்படிப்பட்ட அடுப்புகள் விற்கிற கடை வைத்திருந்தாள். கடையில் மூன்று அடுப்புகள் நின்றன. சின்னது ஒரு கோழிக்கூடு அளவு, பெரியது ஒரு கன்றுக்குட்டி அளவு, நடுவில் இருந்தது இரண்டும் இல்லாமல், நாலு காலில், முன்பக்கம் கண்ணாடிக் கதவோடு, யாரையும் கூப்பிடாமல் தன்பாட்டுக்கு நின்றது. கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போக ஒரு சின்ன வாய், அதை மூடவும் திறக்கவும் ஒரு தட்டு. சன்னாசிக்குப் பெரியதன் மேல்தான் கண். வாங்குவதுதான் வாங்குகிறோம், ஊரே பார்க்கட்டும் என்றான். ஜெசிந்தா அவனுக்குப் பதில் சொல்லாமல் தவமணியிடம் வீடு எத்தனை அறை, கூரை எவ்வளவு உயரம், கதவிடுக்கில் காற்று வருமா, என்ன விறகு, பகலில் வீட்டில் இருப்பது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சின்ன அடுப்புக்கு விறகைச் சாண் சாணாக வெட்டி நாள் முழுக்க ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மூச்சு முட்டுகிற ஆள் அதைச் செய்ய முடியாது. பெரியதை இந்த வீட்டில் நன்றாக எரியவிட்டால் நீங்கள் வாசலில் போய்ப் படுக்க வேண்டும். அதற்குப் பயந்து காற்றை மூடி அமுக்கி எரித்தால் விறகு வேகாமல் புழுங்கி, குழாய் முழுக்கக் கரி பிடித்து, ஒருநாள் குழாயே தீப்பிடிக்கும் என்றாள். தவமணி நடு அடுப்பின் கதவைத் திறந்து, உள்ளே கையை முழங்கை வரை விட்டுப் பார்த்தாள். தன் சமையல் பாத்திரங்களை அவள் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, இது போதும் என்றாள்.

பிக்கப்பில் ஏற்றிவந்த அடுப்பை இறக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். பார்க்க இருபது பேர் வந்தார்கள். பொருத்துவதற்கு ஜெசிந்தாவின் கொழுந்தன் அருளப்பன் வந்தார். தரையில் கடப்பாக்கல் பாவி, சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி அடுப்பை நிறுத்தி, பின்னால் ஒரு தகடு அடித்து, கூரையில் ஓட்டை போட்டு, ஒரு வளைவு கூட இல்லாமல் குழாயை நேராக மேலே ஏற்றி, கூரை முகட்டைவிட உயரமாக நிறுத்தி, மழை இறங்காமல் அதற்கு ஒரு தொப்பியும் வைத்தார். காய்ந்து வெடித்த சீகை விறகைத் தவிர வேறு எதுவும் போடாதீர்கள் என்றார். முதல் நாள் சின்னத் தீ, பெயிண்ட் வாசம் போகட்டும், எல்லாரும் வெளியே இருங்கள் என்றார். சொன்னபடி எல்லாம் செய்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் தவமணி விறகை அடுக்கி, தீ வைத்து, காற்றுவாயைத் திறந்தாள். குழாய் ஒரு நீண்ட மூச்சு இழுத்தது. முன்னால் மணையில் உட்கார்ந்திருந்த பொன்னுத்தாயி வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனாள். சொல்லுக்குப் பதிலாக அவள் வாயிலிருந்து நீலமாக ஒரு புகை, தையல் நூல் அளவுக்கு மெல்லியதாக, அறுபடாமல் வெளியே வந்து, முழங்கால் உயரத்துக்கு இறங்கி, காற்றுவாய்க்குள் நுழைந்து, தீயோடு சேர்ந்து மேலே போனது. அறையில் ஈர விறகும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம் வீசியது.

“இது போன ஆடி மழையில எரிச்ச விறகு,” என்றாள் பொன்னுத்தாயி. “பத்தவே இல்ல அது.”

தவமணி நூல் அறுந்துவிடாமல் கொஞ்சம் தள்ளி நடந்துபோய், மதினிக்கு முதுகில் வைக்க ஒரு தலையணை கொண்டுவந்தாள்.

அன்று தொட்டுத் தினமும் சாயங்காலம் பொன்னுத்தாயி அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள்; கடைசியாக உள்ளே போனது முதலில் வெளியே வந்தது. கற்பூரமரத் தழைப் புகை வந்தது, புயலில் விழுந்த பைன் மரத்தின் பிசின் புகை வந்தது, சன்னாசி கல்யாணத்துக்கு மூன்று நாள் எரிந்த கோட்டை அடுப்பின் புகை வந்து அதன் பின்னாலேயே வெங்காயம் வதங்குகிற வாசமும் வந்தது. ஒவ்வொரு வருடத்துப் புகை வெளியேறும்போதும் அவள் நெஞ்சில் ஒரு விரற்கடை இடம் காலியானது. கார்த்திகை பிறந்தபோது அவள் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் தானே ஏறிப்போய், நிற்காமல், ஒரு குடத்தோடு திரும்பி வந்தாள்.

குடத்தோடு வந்தவளைப் பார்த்ததும் ஊர் வந்துவிட்டது. முதலில் பக்கத்து வீட்டுக் காத்தாயி, ஒரு கட்டு சீகை விறகைத் தலையில் வைத்துக்கொண்டு, சும்மா அடுப்பைப் பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொல்லி மணையில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கும்போது அவளுடைய மூன்று வருடத்துப் புகை போயிருந்தது. அப்புறம் டீக்கடை நடத்துகிறவள் வந்தாள், ஊர்க் கல்யாணங்களுக்குச் சமைக்கிறவள் வந்தாள், அப்புறம் வாசலில் வரிசை நின்றது. எப்படி இது நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆளான அஞ்சல்காரரிடம், குழாயை நேராக வைத்திருக்கிறார்கள், வளைவு இல்லை, அதனால் இழுக்கிறது என்று வரிசையில் நின்ற பெண்களே விளக்கம் சொன்னார்கள். அவரும் அது சரிதான் என்று போய்விட்டார். கிராமத்து நர்ஸம்மா வந்து, உட்கார்ந்து எழுந்தவர்களின் முதுகில் எல்லாம் வைத்துக் கேட்டு, தலையை ஆட்டி, தன் அம்மாவைக் கூட்டி வரலாமா என்று மட்டும் கேட்டாள்.

சண்டை வந்தது பீடிப் புகையால்தான். ஆண்கள் தங்களுக்கும் நெஞ்சு இருக்கிறது என்றார்கள். ரேஷன் கடைத் திடலில் கூட்டம் போட்டு அரை நாள் பேசினார்கள். அடுப்பு ஊதி உள்ளே போன புகை வேறு, காசு கொடுத்து வாங்கி உள்ளே இழுத்த புகை வேறு என்று பெண்கள் சொன்னார்கள். கடைசியில், அடுப்புப் புகை எல்லாம் முடிந்த பிறகு பீடிப் புகைக்கு இடம் உண்டு, ஆனால் வெளியே போகும்போது பற்ற வைக்கிறவன் அடுத்த வருடம்தான் வரலாம் என்று முடிவானது. அந்த முடிவால் காட்டிமட்டத்தில் பீடி விற்பனை பாதியாகக் குறைந்தது. பெட்டிக்கடைக்காரர் வருத்தப்பட்டு, பிறகு அவரும் வரிசையில் வந்து நின்றார். குழாயைத் துடைக்க அடிக்கடி வந்த அருளப்பன், சாக்குச் சாக்காகக் கரியை இறக்கினார், ஊர்க்காரர்கள் அதைப் பூண்டுப் பாத்திக்குக் கொண்டுபோனார்கள். இது மூன்று அறைக்கான அடுப்பு, ஊருக்கான அடுப்பு இல்லை என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொன்னார். அப்போதெல்லாம் சன்னாசி, பெரியதை வாங்கலாம் என்று சொன்ன ஒரே ஆள் யார் என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவன் ஒருநாளும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்ததில்லை. சூடு எட்டாத முன் அறையில்தான் படுத்தான். தவமணி மனசுக்குள் அந்த அடுப்பை மெச்சிக்கொண்டே இருந்தாள், வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று சும்மா கண்ணாடியைத் துடைத்தாள்.

மார்கழி தொடக்கத்தில் ஒருநாள் பொன்னுத்தாயியின் வாயிலிருந்து வந்த நூல் நிறம் மாறியது. பனை மட்டை எரிகிற வாசமும், கூடவே உப்புக் காற்றும் வந்தன. அது மண்டபம் முகாமில் எரித்த அடுப்பு. பொன்னுத்தாயி அந்த வாசத்தைக் கொஞ்ச நேரம் முகர்ந்துகொண்டிருந்துவிட்டு, எழுந்து, பின்பக்கம் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களைத் திரும்பக் கழுவ ஆரம்பித்தாள். போதும் என்றாள். பனைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தவமணி கேட்கவில்லை.

காத்தாயியும் பனை வாசம் வந்ததும் எழுந்துவிட்டாள். கப்பலேறி வந்தவர்கள் எல்லாரும், ஆணும் பெண்ணும், சொல்லி வைத்தது போல அந்த இடத்தில் எழுந்தார்கள். அது ஊரில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பனை மட்டை வாசம் வீசியதும் அடுத்த ஆள் எழுந்து மணைக்கு வந்துவிடுவாள், உட்கார்ந்திருந்தவள் யாரையும் பார்க்காமல் வெளியே போவாள்.

ஆனால் அவர்களுக்குள் மிச்சம் இருந்த புகை சும்மா இருக்கவில்லை. இத்தனை வருடமும் மேலே மேலே வந்து விழுந்த புகைகள்தான் அதை அடியில் அசையாமல் அமுக்கி வைத்திருந்தன. அவை எல்லாம் போய் இடம் கிடைத்ததும் அது உள்ளே நடமாடத் தொடங்கியது. தேயிலை பறித்துக்கொண்டிருக்கும்போதே பெண்கள் திடீரென்று நிமிர்ந்து, எங்கே எரிகிறது என்று திரும்பிப் பார்த்தார்கள். காத்தாயி பட்டப்பகலில் பேரப்பிள்ளைகளை வாரியெடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்து நின்றாள். நின்ற பிறகுதான் வீட்டில் தீ இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அடுப்பைக் கழற்றிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நன்மை செய்ததைக் கழற்றுவதா என்று சிலர் சொன்னார்கள். பொன்னுத்தாயிக்கு மூச்சு முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. குடம் மூலையில் கிடந்தது.

தவமணி சன்னாசியிடம் போய், மதினி மிச்சத்தையும் கொடுத்துவிட்டால்தான் பிழைக்கும், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். அவன் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே வராமலே பேசினான்.

“எங்கம்மா மொகம் எனக்கு ஞாபகம் இல்ல தவமணி. போட்டோ இல்ல, சேலைத் துணி இல்ல. அந்தப் புகையிலதான் எங்கம்மா இருக்கு. அதையும் குழாய் வழியா அனுப்பச் சொல்றியா?”

தவமணி பிறந்த ஊரில் அவள் அம்மா உயிரோடு இருந்தாள், பொங்கலுக்கு முறுக்கு சுட்டு அனுப்பினாள். அவள் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து, அவன் கேட்டபோது ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள்.

மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம் பொன்னுத்தாயியின் உதடு நீலம் பாரித்தது. ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் கீழேயே நின்றுவிட்டது என்று நர்ஸம்மா போனில் சொன்னாள். சாய்த்து உட்கார வையுங்கள், ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து வருகிறோம் என்றாள். தவமணி மதினியைத் தூக்கிவந்து, கனன்றுகொண்டிருந்த அடுப்பின் முன்னால் உட்காரவைத்து, காற்றுவாயில் கையை வைத்தாள். பொன்னுத்தாயி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சைத் தேடித் தேடிப் பேசினாள்.

“அன்னைக்கு தம்பியத் தூக்கிக்கிட்டுத்தான் வெளிய வந்தேன். அவன் இல்லாம திரும்ப அதுக்குள்ள போகமாட்டேன்.”

சன்னாசி கதவருகே நனைந்துபோய் நின்றிருந்தான். அக்கா சொன்னது அவனுக்குக் கேட்டது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அந்தக் கடப்பாக்கல் பக்கத்தில் முதல் முறையாக உட்கார்ந்தான். பொன்னுத்தாயி அவனுடைய நரைத்த தலையை இழுத்துத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். நாலு வயதில் அவன் இருந்த அதே இடம் அது. தவமணி காற்றுவாயைத் திறந்தாள்.

பனை வாசம் வந்தது, போனது. உப்பு வந்தது, போனது. அதன் பிறகு இரண்டு பேர் வாயிலிருந்தும் வந்தது நூலாக இல்லை; கறுப்பாக, கயிறு தடிமனில், ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வந்தது. கூரைத் தார் எரிகிற நாற்றமும், துணி எரிகிற நாற்றமும், ஓர் ஆடு எரிகிற நாற்றமும், வேறொன்றும் அதில் இருந்தன. சன்னாசி கண்ணை மூடிக்கொண்டு அக்காவின் சேலையைப் பற்றியிருந்தான். பொன்னுத்தாயி கண்ணை மூடவில்லை. அடுப்பு அதுவரை கேட்டிராத சத்தத்தில் உறுமியது. குழாயின் அடிப்பகுதி சிவந்தது. விறகை அவிக்கவும் முடியாது, காற்றை மூடவும் முடியாது. மூடினால் அது அவர்களிடமே திரும்பிவிடும். தவமணி முக்காலியில் ஏறி இறங்கி, சாக்கை நனைத்து நனைத்துக் கூரை ஓட்டையைச் சுற்றி ஒற்றிக்கொண்டே, இது நீ எடுக்க வேண்டியது, எடுத்துக்கோ, இன்னும் கொஞ்சம்தான் என்று அடுப்பிடம் பேசிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது அவள் பேசுகிற குரல் அது. மூன்று அறைக்குச் செய்த அடுப்பு அது. ஆனாலும் நாலு காலையும் கல்லில் ஊன்றிக்கொண்டு, தன்னால் ஆனதற்கு மேலேயும் இழுத்தது. மழையில் நனைந்துகொண்டு வெளியே நின்றவர்கள், குழாயின் தொப்பிக்கு மேலே ஒரு கறுப்பு எழுந்து, மழைக்குள் கொஞ்ச நேரம் நின்று, கரைந்து, தேயிலைச் சரிவு பக்கம் போனதைப் பார்த்தார்கள்.

பிறகு அந்தக் கறுப்பு முடிந்தது. கடைசி முனை காற்றுவாய்க்குள் போனதும் பொன்னுத்தாயியின் நெஞ்சு ஒரே மூச்சில் நிறைந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. தவமணி சாக்கைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். எல்லாம் ஆயிற்று என்று நினைத்தாள்.

ஆகவில்லை. இரண்டு பேர் வாயிலிருந்தும் இன்னும் ஒன்று வந்தது. வெள்ளையாக, பால் ஆவி போல, அவசரமே இல்லாமல் வந்தது. தேயிலைக் குச்சியும் சிரட்டையும் எரிகிற வாசம். அதன் மேல் தகரத் தட்டில் ரொட்டி வேகிற வாசம், தேங்காய்ப்பூ லேசாகத் தீய்கிற வாசம், பக்கத்தில் சுட்ட கருவாட்டின் வாசம். அந்த நாள் காலையில், ஒன்றும் நடப்பதற்கு முன்னால், எரிந்த அடுப்பு அது. இத்தனை வருடமும் தீக்குப் பின்னால் அகப்பட்டுக் கிடந்தது.

சன்னாசி கண்ணைத் திறந்தான்.

“அக்கா,” என்றான். “அம்மா ரொட்டி சுடுது.”

பொன்னுத்தாயி காலை நீட்டி, பெருவிரலால் காற்றுவாயின் தட்டைத் தள்ளி மூடினாள். குழாய் இழுப்பதை நிறுத்தியது. வெள்ளைப் புகை வழி தெரியாமல் அடுப்பின் முன்னால் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு, மெல்ல மேலே எழுந்து, அறை முழுக்கப் பரவி, தகரக் கூரைக்கு அடியில் தங்கியது. அக்காவும் தம்பியும் தலையை அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டு, திரும்பத் திரும்ப மூச்சை உள்ளே இழுத்தார்கள். இழுத்தது ஒன்றுமே அவர்களுக்கு இருமல் தரவில்லை.

மழை தணிந்திருந்தது. வாசல் பக்கம் ஆள் நடமாட்டம் கேட்டுத் தவமணி எழுந்துபோய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். காத்தாயி நின்றாள், அவளுக்குப் பின்னால் டீக்கடைக்காரி, அவளுக்குப் பின்னால் பெட்டிக்கடைக்காரர், பனை வாசத்தில் எழுந்துபோன எல்லாரும் முற்றம் கொள்ளாமல், தலையில் சாக்கும் பிளாஸ்டிக் தாளுமாக நின்றார்கள். எல்லார் மூக்கும் கதவிடுக்கைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. காத்தாயிதான் ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்.

“இது எந்த லயத்து ரொட்டி, தவமணி? தீக்கு அந்தப் பக்கம் இதுவா இருந்துச்சு?”

தவமணி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் கேட்கிற மாதிரி, ஆனால் குரலை உயர்த்தாமல், சொன்னாள்.

“சீக்கிரம் உள்ள வந்து கதவச் சாத்துங்க. வாசம் வெளிய போயிரும்.”